மிளகுப் பணத்தில் ஒரு கேமரா

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். சிலருக்கு இன்னும் தலை சுற்றுவது நிற்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. மதியச் சாப்பாடு வேறு பலம். இந்த நேரத்தில் பேச அழைக்கப்படுகிறவன் பாவம் செய்தவன். செயலாளர் என் காதில், "தூங்கினவங்களை எழுப்பாதீங்க, ஆனா தூங்கவும் விடாதீங்க" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "ஒளிப்படக் கலை - ஓர் அறிமுகம்". அந்தத் தலைப்பை நான் ஓரமாக வைத்துவிட்டேன். காரணம், காலையில் தேநீர் நேரத்தில் ஒரு மாணவி வந்து கேட்ட கேள்வி. இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறது அந்தப் பிள்ளை. இதே மலைதான் சொந்த ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. "சார், இந்த வருஷம் மிளகு வித்த காசுல முப்பத்தஞ்சாயிரம் எடுத்து வெச்சிருக்காரு அப்பா. டி.எஸ்.எல்.ஆர். வாங்கிக்கோன்னு சொல்றாரு. எந்த கேமரா வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க சார்" என்றது. பக்கத்தில் நின்ற பையன்கள், "இப்ப யாரு டி.எஸ்.எல்.ஆர். வாங்குறா? அதெல்லாம் போயிருச்சு" என்று சிரித்தார்கள். இன்னொருவன், "ஃபோனே போதும்" என்றான்.

மூன்று பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மிளகு பறிப்பது என்றால் ஏணி போட்டு மரத்தில் ஏறிக் கொத்துக் கொத்தாகக் கிள்ள வேண்டும். அப்படி வந்த பணம் தப்பான பெட்டிக்குள் போய்விடக் கூடாது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷத்துக்கு மேல் கேமராவோடு சுற்றியிருந்தாலும் பணத்தை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. ஆகவே இன்றைக்குக் கலையைப் பற்றிக் குறைவாகவும் காசைப் பற்றி அதிகமாகவும் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், "போயிருச்சு" என்ற பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். என்பது என்ன? லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே ஏறி, உங்கள் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி "டக்" என்று தூக்கிக்கொள்கிறது. வெளிச்சம் பின்னால் இருக்கும் சென்சாரில் விழுகிறது. நம் காலத்து ஃபிலிம் கேமராவும் இதே ஏற்பாடுதான், சென்சார் இருக்கும் இடத்தில் ஃபிலிம் இருந்தது. 1991-இல் கோடாக் கம்பெனி, நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவை எடுத்து அதற்குள் 1.3 மெகாபிக்சல் சென்சாரை வைத்து விற்றது. படங்களைச் சேமிக்கத் தோளில் தனியாக ஒரு பெட்டி தொங்கவிட வேண்டும். பத்திரிகை ஆபீஸ் தவிர யாரும் வாங்க முடியாத விலை. 2003-இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த பிறகுதான் இது நம்மைப் போன்றவர்கள் கையில் வந்தது.

உச்சம் 2012. அந்த ஒரு வருஷத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் டி.எஸ்.எல்.ஆர். அனுப்பின. 2020-இல் அது இருபத்தைந்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா அந்த வருஷம்தான் அதை முந்தியது. கேனானும் நிக்கானும் புது டி.எஸ்.எல்.ஆர். கொண்டு வருவதை 2020-க்குப் பிறகு நிறுத்திவிட்டன என்றே சொல்லலாம். பென்டாக்ஸ் ஒன்றுதான் 2021-இலும் 2023-இலும் புது மாடல் விட்டது.

சரி, தயாரிப்பு நின்றுவிட்டது என்றால் பொருள் செத்துவிட்டதா? அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றது. அதற்கு மறுநாள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டி எதுவும் நிற்கவில்லையே! இதில் கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு லாபமே இருக்கிறது. பணம் உள்ளவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாற, நல்ல நிலையில் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் லென்ஸ்களும் பழைய விலைக்கு வெளியே வருகின்றன. கையில் ஒரு லட்சம் இருக்கிறவர் என்னிடம் வந்தால், நான் மிரர்லெஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். முப்பத்தைந்தாயிரம் உள்ளவருக்கு என் பதில் வேறு.

அடுத்தது, "ஃபோனே போதும்". குடும்பப் படத்துக்கும், பளிச்சென்ற வெயிலுக்கும் போதும். சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்ல ஃபோனின் பெரிய சென்சார்கூட, சாதாரண டி.எஸ்.எல்.ஆர். சென்சாரில் பரப்பளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வரும். மலிவு ஃபோனில் இன்னும் சின்னது. அந்தக் குறையை ஃபோன் கணக்குப் போட்டு ஈடு கட்டுகிறது. நீங்கள் ஒரு தடவை தட்டினால் அது பல படம் எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது, நிழலைத் தூக்குகிறது, வானத்தை நீலமாக்குகிறது. படம் நன்றாக வரும். ஆனால் ஏன் நன்றாக வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை வராதபோது ஏன் வரவில்லை என்றும் தெரியாது. இயற்பியல் மாணவிக்கு அது போதுமா? இயற்பியல் துறைத் தலைவர் முன் வரிசையில் தலையாட்டுகிறார், நன்றி சார்.

இந்த மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு வெட்ட வெயில், காபித் தோட்டத்துக்குள் நுழைந்தால் மரநிழலில் அரை இருட்டு. ஒரே நாளில் நாலு விதமான வெளிச்சம். பனிமூட்டத்தைப் படம் எடுத்தால் சாம்பல் பூசினது மாதிரி மங்கலாக வருகிறதே, ஏன்? கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிவிடும். கோடை மழைக்குப் பிறகு காபிச் செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும், அதையும் அப்படியே. வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால் அவருக்கும் அதே கதி, வேட்டி அழுக்காகத் தெரியும், முகம் கறுத்துப்போகும். நீங்கள் ஒரு பட்டனை அழுத்தி "ஒரு படி கூட்டு" என்று சொல்ல வேண்டும். பிளஸ் ஒன்று, அவ்வளவுதான். இதை ஒரு தடவை உங்கள் கையால் செய்து பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. கேமரா வாங்குவதே இந்தப் படிப்புக்காகத்தான்.

அந்தப் படிப்பில் மொத்தம் மூன்று சமாச்சாரம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மடையை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். மண் எவ்வளவு சீக்கிரம் நனையும் என்பது ஐ.எஸ்.ஓ. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். மீதி எல்லாம் பழக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எந்த கேமரா?

புதிதாகக் கற்பவர்கள் பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டுமே 2018-இல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல். சுவரில் பெரிதாக மாட்டுகிற படத்துக்கே அது தாராளம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் டி3500 சுமார் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. 1500டி சுமார் 500. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத மலைக்கிராமத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எடையும் பாருங்கள். டி3500 பாட்டரியோடு 415 கிராம், 1500டி 475 கிராம். அறுபது கிராம் என்ன பெரிதா என்பீர்கள். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, அதே படியை ஏறி வந்தவர்களிடம் கேளுங்கள். கழுத்தில் தொங்குகிற பொருளின் எடை ஏறும்போது இரண்டு மடங்காகிவிடும்! இதற்கு இயற்பியலில் விளக்கம் கிடையாது.

அப்படியானால் நிக்கானே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். டி3500-இன் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். நிக்கானின் பழைய 50 எம்.எம். 1.8 "டி" லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால், கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். "ஜி" என்ற எழுத்து போட்ட 1.8 லென்ஸ் வாங்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து! கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-இல் அவர்கள் தங்கள் பழைய மவுண்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்து ஈ.எஃப். வரிசையைத் தொடங்கினார்கள். அன்றைக்குப் பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்து திட்டினார்கள். ஆனால் அன்றிலிருந்து வந்த எந்த ஈ.எஃப். லென்ஸும் 1500டி-யில் மாட்டினால் வேலை செய்யும். நிக்கான் 1959-இல் ஆரம்பித்த எஃப் மவுண்ட்டையே டி.எஸ்.எல்.ஆர். வரை கொண்டுவந்தது. லென்ஸ் மாட்டிக்கொள்ளும், ஆனால் எல்லா வேலையும் எல்லா பாடியிலும் நடக்காது. பழைய லென்ஸ்களைச் சேர்க்கிற ஆசை இருந்தால், டி7000, டி7100, டி7200 இந்த வரிசை பாருங்கள், உடம்புக்குள்ளேயே மோட்டார் உண்டு. கனம் அதிகம்.

கல்யாண வீடியோ, யூடியூப் என்று யோசிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்ன இரண்டு மாடலிலும் வெளி மைக் செருகுகிற துளை கிடையாது. நிக்கான் டி5600, கேனான் 200டி மார்க் 2 போன்றவற்றில் உண்டு, திரையையும் திருப்பிக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு, வாங்கின இரண்டாம் மாசமே விற்க அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேனான் 3000டி என்று ஒன்று இன்னும் மலிவாகக் கிடைக்கும். 18 மெகாபிக்சல், லென்ஸ் மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக். லென்ஸை அடிக்கடி கழற்றி மாட்டப் போகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்த ஆரம்ப நிலை கேமராக்களில் இன்னொரு விஷயம் உண்டு. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில் படத்தின் 95 சதவீதம்தான் தெரியும். ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு மரக்கிளையோ, மாமாவின் முழங்கையோ படத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். கேமரா ரிப்பேர் என்று கடைக்கு ஓட வேண்டாம், அதன் குணமே அது.

சரி, முப்பத்தைந்தாயிரத்தை எப்படிப் பிரிப்பது? வங்கிக்காரன் புத்தி, நூற்றுக்கு இத்தனை என்றுதான் வரும். நூறு ரூபாயில் அறுபது ரூபாய்க்கு மேல் பாடிக்கும் கூடவே வரும் 18-55 லென்ஸுக்கும் போகக் கூடாது. அந்தக் காசுக்குப் புதுசு கிடைக்காது, நல்ல பழசு கிடைக்கும். டி3500 அகப்படாவிட்டால் டி3400, 1500டி இல்லையென்றால் 1300டி. படத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று நானே சொல்ல மாட்டேன். இருபது ரூபாய் ஒரு 50 எம்.எம். 1.8 லென்ஸுக்கு, நிக்கான்காரர்கள் 35 எம்.எம். 1.8 லென்ஸும் பார்க்கலாம். கிட் லென்ஸ் 55-இல் நிற்கும்போது அதன் வாய் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், ஃபிளாஷ் போடாமல் அந்த முகத்தை எடுக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. மிச்சம் இருபதில் பாதி முக்காலிக்கு, பாதி கார்டு, பை, இன்னொரு பாட்டரி. முக்காலி வேண்டாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆகாய கங்கை சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. பால் ஊற்றினாற்போல் வழவழவென்று அதை எடுக்க, ஷட்டர் கால் விநாடியாவது திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் அருவியோடு பாறையும் சேர்ந்து ஓடும்.

பழைய கேமரா வாங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தூங்குகிறவர்களும் இதற்கு மட்டும் கண்ணைத் திறந்தால் போதும்.

கல்யாண ஸ்டூடியோவிலிருந்து வெளியே வருகிற பாடியை வாங்காதீர்கள். ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் சுட்டிருப்பார்கள். ஆரம்ப நிலை கேமராவின் ஷட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை என்று பொதுவாக ஓர் ஆயுள் கணக்கு உண்டு. அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் நின்றால் மாற்றுகிற செலவு கேமரா விலையை நெருங்கும். நிக்கானில் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே எத்தனையாவது படம் என்ற எண் பெரும்பாலும் பதிந்திருக்கும். கேனானில் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். விற்கிறவர் "கொஞ்சம்தான் எடுத்திருக்கேன்" என்றால், "சந்தோஷம், ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள்.

லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, மரக்கிளை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. நம்மூர் ஈரத்தில் பிடிக்கிற நோய் அது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், மற்ற லென்ஸோடு அதை ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். பிறகு அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெறும் வானத்தைப் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. அது கழுவினால் போகும், விலையைக் குறைக்க ஒரு சாக்கு. லென்ஸ் மூடியை மூடிக்கொண்டு ஒரு படம். அதில் சிவப்பாகவோ பச்சையாகவோ நட்சத்திரம் மினுக்கினால் அது கோளாறு. கடைசியாக, பில்லில் உள்ள எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா? பில் இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் கேமரா போவதோடு நிற்காது.

வாங்கிய பிறகும் இந்த மலையில் அதைக் காப்பாற்றுவது ஒரு வேலை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, அதற்குள் கேமரா. விலை உயர்ந்த தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்துக் காலையில் இங்கே படம் எடுத்துவிட்டு உடனே பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் வெக்கைக்கு இறங்குவீர்கள். குளிர்ந்த கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் லென்ஸில் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது மாதிரிதான். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். துடைக்கிறேன் என்று சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். அருவிச் சாரலுக்கும் அதே பேச்சுதான்.

பீரோ என்றதும் ஞாபகம் வருகிறது, இது முன்னாள் மாணவர்களுக்கு. நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் 2010-க்கும் 2018-க்கும் நடுவில் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். தூங்கிக்கொண்டிருக்கிறது? குழந்தை பிறந்தபோது வாங்கியது. குழந்தை பத்தாவது வந்துவிட்டது, கேமரா மூணாவது பிறந்தநாளோடு உள்ளே போய்விட்டது. கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... பார்த்தீர்களா, தலைவரே கையைத் தூக்குகிறார்! இங்கே ஒரு பிள்ளை மிளகு விற்ற காசை வைத்துக்கொண்டு கேமரா தேடுகிறது. உங்கள் பீரோவில் ஸ்டூடியோக்காரர் கை படாத, ஐயாயிரம் படம்கூட எடுக்காத கேமரா பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடையாகக் கொடுக்க மனம் வந்தால் மகிழ்ச்சி. இல்லையா, நியாயமான விலைக்குக் கொடுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரு பதிவேடு வைத்து, பில்லோடு கை மாற்றிவிடலாம் என்று செயற்குழுவில் நான் கேட்டிருக்கிறேன். தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், டப்பாவையாவது இன்றைக்கே திறந்து பாருங்கள்.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு இரண்டு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்தவர். 1858-இல் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். நம் பக்கத்து ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் சில இடங்களையும் எடுத்து ஓர் ஆல்பமே போட்டார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது என்று, நகர்ந்து நகர்ந்து எடுத்து இருபத்தொரு படத்தை நீளமாக ஒட்டினார். இன்றைக்கு ஃபோனில் "பனோரமா" என்று வருகிறதே, அதை அவர் காகிதத்தில் செய்துவிட்டார்.

இன்னொருவர் மா. கிருஷ்ணன். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன். 1996-இல் காலமானார். யானையையும் காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கடையில் கிடைத்தது அவருக்குச் சரிப்படவில்லை. வெவ்வேறு பாகங்களைத் தானே சேர்த்துப் பொருத்தி ஒரு கேமரா செய்துகொண்டு, அதற்கு "சூப்பர் பாண்டெரோசா" என்று கிண்டலாகப் பெயரும் வைத்தார். விலங்கின் நடத்தையைப் பல வருஷம் பார்த்துக் குறித்து வைத்திருந்தவர் அவர். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் தவணையில் தர மாட்டார்கள்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கேமரா கையில் வந்ததும் சோளக்காட்டுச் சந்தைக்கு ஓடி, பலாப்பழம் விற்கிற அம்மா முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டாதீர்கள். இந்த மலையில் சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் அவரவர் ஊரில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நமக்காக நிற்கவில்லை. "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். சரி என்றால் எடுத்து, பிரிண்ட் போட்டு, அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபோனில் காட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. அந்த மாணவிக்கு இதில் நம் எல்லோரையும்விட வசதி அதிகம். ஆடியில் வல்வில் ஓரி விழாவும், களத்தில் சாமை காயப்போடுவதும், அப்பா ஏணியில் நின்று மிளகு பறிப்பதும் வெளியூர்க்காரனுக்குத்தான் காட்சி. அந்தப் பிள்ளைக்கு வீட்டு வேலை. எப்போது எந்த வெளிச்சம் எங்கே விழும் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே தங்கச்சி, உனக்கு என் பதில் இது. இந்த மாதம் ஒன்றும் வாங்காதே. பணத்தை அப்பா கணக்கிலேயே வைத்திரு. கல்லூரி ஒளிப்பட மன்றத்தில் ஒரு 1300டி இருக்கிறது, பொறுப்பாசிரியரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி ஒரு மாதம் பழகு. உன் உள்ளங்கைக்கு அந்தப் பிடி ஒத்துவருகிறதா பார். ஒத்துவந்தால் பழைய கேனான், இல்லையென்றால் டி3500, கூடவே அந்த "ஜி" எழுத்து லென்ஸ். தவணைக்கு மட்டும் போகாதே. ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கப் போகிறேன் என்று முடிவு செய்தால் மறுபடி வந்து என்னைப் பார், அது வேறு கணக்கு. அப்போது நீ வாங்க வேண்டியதும் வேறாக இருக்கும்.

செயலாளர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். ஒரே ஓர் அறிவிப்பு. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் கூடுகிறோம். பனி இருக்கும், ஸ்வெட்டர் போட்டு வாருங்கள். கேமரா உள்ளவர்கள் கொண்டு வரலாம், இல்லாதவர்களும் வரலாம், என்னுடையது இரண்டு இருக்கிறது. வீட்டில் தூங்குகிற கேமராவைக் கையோடு கொண்டுவந்திருக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால், டார்ச்சோடு நான் தயாராக இருக்கிறேன். டீ செலவு தலைவருடையது. கையைத் தூக்கினாரே, அதற்கு அபராதம்!